மூன்று வார லீவில் வேலூர்: மண்ணீரல் வீக்கத்தைக் காட்ட வருபவர்கள் போட வேண்டிய கணக்கு

துபாயிலோ சிங்கப்பூரிலோ எடுத்த ஸ்கேனில் "மண்ணீரல் 15 செ.மீ." என்று வந்துவிட்டால், அடுத்த லீவுக்கு வேலூர் சிஎம்சியில் காட்டி, எடுக்க வேண்டியதாக இருந்தால் எடுத்துவிட்டே திரும்பலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். காட்டுவதற்கு மூன்று வாரம் தாராளம். எடுப்பதற்குப் போதாது. அதற்குக் காரணம் ஆஸ்பத்திரி அல்ல, உடம்பு.

முதலில் போக்குவரத்து. காட்பாடி ஜங்ஷனில் இறங்கினால் ஆட்டோவில் பாலாற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் வந்துவிடலாம். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளமும் இந்தியும்தான் அதிகம் காதில் விழும். ஓபி சீட்டை ஆன்லைனில் முன்கூட்டியே போடுங்கள். ஜெனரல், பிரைவேட் என இரண்டு வகை உண்டு. 2022-இல் ராணிப்பேட்டை வளாகம் திறந்தபின் சில பிரிவுகள் அங்கே போய்விட்டன. சீட்டில் எந்த வளாகம் என்று பார்க்காமல் ஊருக்குள் வந்து நின்றால் காலைப் பொழுது நெடுஞ்சாலையிலேயே போய்விடும்.

டாக்டர் வயிற்றை எங்கிருந்து தொட ஆரம்பிக்கிறார் என்று கவனியுங்கள். மண்ணீரல் இடப்பக்க விலா எலும்புக்கு அடியில் இருப்பது. வீங்கினால் தொப்புளைத் தாண்டி வலது இடுப்பை நோக்கிச் சாய்வாக வளரும். அதனால் வலது அடிவயிற்றில் கை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கிப் போக வேண்டும். நேராக விலாவின் கீழ் கை வைத்தால், பெரிய மண்ணீரலின் மேலேயே கை இருக்கும், விளிம்பு அகப்படாது. கைக்குத் தட்டுப்படாவிட்டால் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். சிறுநீரகக் கட்டியா மண்ணீரலா என்ற குழப்பமும் கையிலேயே தீரும்: மண்ணீரல் மூச்சோடு இறங்கும், விளிம்பில் ஒரு பிளவு இருக்கும், அதற்கும் விலாவுக்கும் இடையே விரல் நுழையாது, தட்டினால் மந்தமான ஒலி வரும். சாதாரண மண்ணீரல் 150 கிராம் அளவு. இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் கையில் படும். கையில் படவில்லை என்பதால் வீக்கமே இல்லை என்று ஆகிவிடாது.

மண்ணீரல் வீக்கம் தனி நோய் அல்ல, வேறொன்றின் அடையாளம். ஆகவே டாக்டரிடம் எங்கெங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் இருந்தவருக்கு மலேரியா, பீகார், ஜார்க்கண்ட் பக்கம் இருந்தவருக்கு மணல் ஈ கடியால் வரும் காலா அசார் காய்ச்சல் என்று யோசனையே வேறு திசையில் போகும். பிறகு ரத்த எண்ணிக்கை, ரத்தப் பூச்சு, கல்லீரல் பரிசோதனை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருந்தால் எண்டோஸ்கோப்பி. வெள்ளணு லட்சக்கணக்கில் இருந்தால் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற மரபணுப் பரிசோதனை. அதில் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் (சிஎம்எல்) என்று உறுதியானால் இமாட்டினிப் மாத்திரையிலேயே மண்ணீரல் சுருங்கும், கத்திக்கு வேலையில்லை. மருந்துக்கு அடங்காத பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) குறைவு, பரம்பரையாக வரும் உருண்டைச் சிவப்பணு நோய் போன்றவற்றில்தான் எடுப்பது பற்றிய பேச்சே வரும். இரண்டாவதில் பித்தப்பைக் கல் இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது.

இனி கணக்கு. சோதனை முடிவுகள் வர ஒரு வாரம். மண்ணீரல் போனால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும். அதனால் எடுப்பதென்று முடிவானால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (Hib) என்ற மூன்று கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போட்டு, அறுவைக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி விட வேண்டும். லீவு அங்கேயே தீர்ந்தது. லேப்ராஸ்கோப்பியில் எடுத்தாலும் சில நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பின்தான் பெரிய வில்லங்கம்: பிளேட்லெட் ஒன்று முதல் மூன்று வாரத்தில் உச்சத்துக்கு ஏறும், சிலருக்கு 10 லட்சத்தைத் தாண்டும். அதே காலத்தில்தான் போர்ட்டல் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும். வயிற்று வலியும் காய்ச்சலும் வந்தால் தையல் வலி என்று விட்டுவிடாமல் டாப்ளர் எடுக்க வேண்டும். இந்த நேரத்தில் மணிக்கணக்கில் விமானத்தில் உட்கார்வதை டாக்டர் சொல்லாமல் செய்யக்கூடாது. இடது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குவது, கணையத்தின் வால் காயப்படுவது, விலாவுக்கு அடியில் சீழ் கட்டுவது எல்லாமும் இந்த வாரங்களில்தான் தலைகாட்டும்.

ஆகவே ஒரு பயணத்தில் சோதனையும் தடுப்பூசியும், அடுத்த பயணத்தில் குறைந்தது ஆறு வார லீவோடு அறுவை. ஹஜ், உம்ராவுக்காக மெனிங்கோகாக்கஸ் ஊசி போட்டவர்கள் அந்த அட்டையைக் கொண்டு வாருங்கள், ஒரு டோஸ் கணக்கில் சேரும். நிமோகாக்கஸுக்கு 13 அல்லது 15 வகை ஊசி போட்டிருந்தால் எட்டு வாரம் கழித்து 23 வகை ஊசியும், மெனிங்கோகாக்கஸுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், ஃப்ளூவுக்கு ஆண்டுதோறும்.

மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துப் பார்க்க நேரமில்லை. காலையில் குளிர், மாலைக்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையை முதலில் விழுங்கிவிட்டு நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்தை இப்போதே எழுதி வாங்குங்கள். நாய் கடித்தாலும் ரேபிஸ் ஊசியோடு நிற்காமல் ஆன்டிபயாடிக்கும் கேளுங்கள். மலேரியா உள்ள நாட்டுக்கு மாற்றல் வந்தால் தடுப்பு மாத்திரை கட்டாயம். சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்று வேலை பார்க்கும் நாட்டு டாக்டரிடம் சொல்லி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு நகல்: ஒன்று பாஸ்போர்ட்டோடு, இன்னொன்று மாத்திரைப் பையில்.