கிறவல் தரைக்கு எந்தக் கடினப்பந்து? ஓர் ஓஃப் ஸ்பின்னரின் அனுபவம்

தனிப்பயிற்சிக்குப் பல வருடமாக வைத்திருந்த சிவப்புக் கிரிக்கெட் கடினப்பந்து கடைசியில் தையல் பிரிந்து போய்விட்டது. பதிலுக்கு இரண்டு வகைப் பந்துகளை வாங்கி, கிளிநொச்சியில் ஒரு பருவம் முழுக்க வீசிப் பார்த்தேன். மலிவான பந்தே பயிற்சிக்குப் போதும் என்று இங்கே பலர் சொல்வார்கள். சுழற்பந்து வீசுபவருக்கு அது பொருந்தாது என்பதுதான் என் முடிவு.

பழைய பந்து நான்கு துண்டுத் தோலில் கையால் தைத்தது. புதிதில் வழுக்கியது. மினுக்கம் போன பிறகுதான் ஆட்காட்டி விரலின் மேல் மூட்டு தையலில் சரியாகப் பிடித்தது. அந்தப் பிடி இருந்தால்தான் பந்தைப் பலமாகச் சுழற்ற முடியும். நம் கிறவல் தரை தோலைச் சுரண்டும், அதற்கு முன்பே தையல் நூலை அறுத்துவிடும். சோளகக் காற்றுக் காலத்தில் புழுதியும் சேர்ந்துகொள்ளும். அதனால் பந்து வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது தையலைத்தான்.

கடைக்காரர், “தம்பி, நல்ல மினுக்கமானதாப் பார்த்து எடுங்கோ” என்றார். மினுக்கம் வேகப்பந்து வீசுபவருக்கு உதவும், எனக்கு அது முதல் வாரத்திலேயே போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். தையல் சுற்றிலும் ஒரே உயரத்தில் எழும்பி நிற்க வேண்டும். அப்புறம் நிறை. விதிப்படி ஆண்களுக்கான பந்து 155.9 முதல் 163 கிராம் வரையும், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றர் வரையும் இருக்க வேண்டும். 156 கிராம் என்று அச்சடித்த பந்து ஒன்று பலசரக்குக் கடைத் தராசில் 150ஐக்கூடத் தொடவில்லை. தராசும் தையற்காரரின் அளவு நாடாவும் இருந்தால் போதும், பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை.

முதலில் வீசியது இரண்டு துண்டுப் பந்து. விலை பாதிக்கும் குறைவு. ஆடுகளத்தில் விரிக்கும் மற்றிங்கில் அழகாகத் திரும்பியது. ஆனால் தும்பு மற்றிங் எந்தப் பந்தையும் பற்றித் திருப்பிவிடும், அங்கே திரும்புவதை வைத்து பந்தை எடைபோடக் கூடாது. பந்து காற்றில் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். சுழற்சி போதுமானால் துடுப்பாட்டக்காரர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே விழும். இந்தப் பந்து அப்படி இறங்கவில்லை. தையல் சீக்கிரமே தட்டையாகி விரல் வழுக்கியதுதான் காரணம். கிறவலில் அளவுக்கு மேல் எகிறவும் செய்தது. களத்தடுப்புப் பயிற்சிக்கும், துடுப்பாடுபவருக்கு எறிந்து கொடுக்கவும் தாராளமாகப் போதும்.

இரண்டாவது, கையால் தைத்த நான்கு துண்டுப் பந்து. இப்போதும் அதுதான் என்னிடம் இருக்கிறது. மினுக்கம் போகும்வரை பொறுக்க வேண்டியிருந்தது, பிறகு விரலுக்குப் பழகிவிட்டது. ஒரு பக்கத் தோல் நன்றாக உரிந்திருக்கிறது, தையல் இன்னும் நிற்கிறது. இலங்கையில் டெஸ்ட் போட்டிக்குப் பாவிக்கும் கூக்கபரா நிறுவனத்தின் பந்தை வாங்கலாமா என்று யோசித்தேன். அதன் ஆறு தையல் வரிகளில் நடு இரண்டு மட்டும் கையால் தைப்பது, மற்றவை இயந்திரத் தையல். தையல் சீக்கிரம் அமிழ்ந்துவிடும் என்பதால் அந்த விலைக்குக் கிறவலில் போட மனம் வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கினால் புல் ஈரத்தில் பந்து நனையும். நனைந்ததை வெயிலில் காய வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். துணியால் துடைத்து நிழலில் விட்டால் போதும்.

2020இல் யாழ்ப்பாணத்து லெக் ஸ்பின்னர் வியாஸ்காந்த் லங்கா பிரீமியர் லீக் (எல்.பி.எல்.) ஆடியதைப் பார்த்த பிறகு இங்கேயும் சின்னப் பெடியன்களுக்கு லெக் ஸ்பின் ஆசை வந்திருக்கிறது. பெரியவர்களின் தேய்ந்த பந்தை அவர்களிடம் தள்ளிவிடாதீர்கள். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 133 முதல் 144 கிராம் வரையான சிறிய பந்து இருக்கிறது. கைக்கு மிஞ்சிய பந்தை உள்ளங்கையில் வைத்துப் பழகினால், விரலால் சுழற்றக் கற்பது பிறகு கஷ்டம். பெண்பிள்ளைகளுக்கு வாங்குவதென்றால் 140 முதல் 151 கிராம் வரையான பந்தைக் கேளுங்கள்.