ஒன்றேகால் வயதுப் பையனுக்கு ஹெர்னியா ஆபரேஷன்: அண்ணா நகர் மருத்துவமனையில் எங்கள் அனுபவம்

பையனுக்கு வலது தொடை இடுக்கில் குடல் இறங்குகிற ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் இங்கே நடந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்றுதான் விரை ஸ்கேன் முடிந்தது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ஆபரேஷன் ஆன வாரமே எழுதச் சொல்லி மருத்துவமனையிலிருந்து மெசேஜ் வந்தது, ஆனால் இந்த ஆபரேஷன் நன்றாக நடந்ததா இல்லையா என்பது தையல் காய்ந்ததும் தெரிந்துவிடுகிற விஷயம் இல்லை. விரைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் ஹெர்னியாவை ஒட்டியே ஓடுவதால், உள்ளே விரைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று தெரியவே சில மாதங்கள் பிடிக்கும்.

எட்டாவது மாதத்தில் அத்தை அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போதுதான் முதலில் பார்த்தோம். அவன் வீறிட்டு அழும்போது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மேடு, அழுகை நின்றதும் அது இருந்த இடமே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி காசு வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். நாங்கள் அதைச் செய்யவில்லை, தெருமுனை கிளினிக்கில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டர், "அஞ்சு வயசு வரைக்கும் பார்க்கலாம், தானா மூடிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்தோம். பிறகுதான் தெரிந்தது, தானாக மூடிக்கொள்வது தொப்புளில் வருகிற ஹெர்னியா. விதைப்பையில் வெறும் தண்ணீர் கோத்திருந்தால்கூட ஒன்று இரண்டு வயது வரை பார்க்கலாம். தொடை இடுக்கில் குடல் இறங்குவது மட்டும் தானாகச் சரியாகாது, கண்டுபிடித்ததும் நாள் குறித்து ஆபரேஷன் செய்துவிட வேண்டும், அதுவும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குடல் சிக்கிக்கொள்கிற ஆபத்து அதிகம். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

சிக்கியும் கொண்டது. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மேடு உள்ளே போகவே இல்லை, கல் மாதிரி இருந்தது, தொட்டால் துடித்தான், இரண்டு முறை வாந்தி. பெரம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து இங்கே வந்தோம். எமர்ஜென்சியில் இருந்த இளம் டாக்டர் ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. வலிக்கும் அமைதிக்கும் மருந்து கொடுத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஒரே சீராக மெதுவாக அமுக்கிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் இருக்கும், குடல் உள்ளே போனது. பையன் அப்படியே தூங்கிவிட்டான். இந்த இடத்துக்கு ஐந்து நட்சத்திரமும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே கொடுப்பேன்.

உடனே அறுக்காமல் வார்டில் சேர்த்து, வீக்கம் வடிய இரண்டு நாள் விட்டுத்தான் ஆபரேஷன். அவசரமாகச் செய்யாதது ஏன் என்று குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் மறுநாள் காலையில் விளக்கினார். அவரைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். விரை முதலில் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகிறதாம். பிறப்பதற்கு முன்னால் கீழே இறங்கும்போது வயிற்றின் உள்சவ்வையும் ஒரு பை போல இழுத்துக்கொண்டு வரும். பிறகு அந்தப் பை மூடிக்கொள்ளும். மூடாமல் விட்டால் அந்த வழியில் குடல் இறங்கும். எங்கள் பையன் முப்பத்திநாலு வாரத்தில் பிறந்தவன், குறைமாதக் குழந்தைகளுக்கு இது வருவது நிறைய அதிகம். வலது விரை கொஞ்சம் தாமதமாக இறங்குவதால் வலது பக்கம்தான் பெரும்பாலும் வருகிறது. ஆக நான் கர்ப்பத்தில் எதையோ தூக்கியதாலோ, அவனை அழ விட்டதாலோ வந்தது இல்லை. இதை எனக்காக இரண்டு தடவை சொன்னார்.

மாமாவுக்கு நாலு வருடம் முன்பு ஹெர்னியாவுக்கு வலை வைத்துத் தைத்தார்கள், அதனால் வலை வைப்பீர்களா என்று என் கணவர் கேட்டார். குழந்தைகளுக்கு வலை கிடையாது, பெரியவர்களுக்குப் போலத் தசை பலவீனம் இங்கே காரணம் இல்லை, பையைப் பிரித்து அடியில் கட்டி விட்டாலே போதும் என்றார்.

அப்புறம் நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு நாளாக எல்லோருடைய மனதிலும் ஓடியது அதுதான், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை, கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர், இவனோட விரைக்கு ஏதாவது ஆகுமா? பெரியவனானா குழந்தை பிறக்குமா?" நர்ஸ் பக்கத்தில் நின்றதால் குரல் எழும்பவே இல்லை.

"நல்ல கேள்விம்மா, இதைத்தான் முதல்ல கேட்கணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களும், விந்துக் குழாயும் அந்தப் பையோடு ஒட்டியேதான் ஓடுகின்றன. இந்த வயதுக் குழந்தைக்கு விந்துக் குழாய் நூல் மாதிரிதான் இருக்கும். பையைப் பிரிக்கும்போது இவற்றை நசுக்காமல் இழுக்காமல் விலக்கி வைப்பதுதான் இந்த ஆபரேஷனே. நாள் குறித்து நிதானமாகச் செய்தால் விரை சுருங்கிப்போவது நூறில் ஒன்று அல்லது அதற்கும் கீழே, விந்துக் குழாய் அடிபடுவதும் அப்படித்தான். குடல் சிக்கிய பிறகு அது கூடும், ஏனென்றால் சிக்கிய குடல் அந்த ரத்தக் குழாய்களையும் அமுக்கிவிடுகிறது, அதாவது கத்தி படுவதற்கு முன்னாலேயே விரைக்கு ரத்தம் குறைந்திருக்கலாம். அதனால்தான் வீக்கம் வடிய விட்டார், வீங்கின திசுவில் நூல் போன்ற குழாயைத் தேடுவது கஷ்டம். ஒரு பக்கம் ஏதாவது ஆனால்கூட இன்னொரு விரை நன்றாக இருந்தால் குழந்தை பிறப்பதற்குப் பெரும்பாலும் தடை இல்லை என்றும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. ஒன்றும் ஆகாது என்று பொய்யாகத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு விரையையும் கையால் பார்த்து, ஸ்கேனில் ரத்த ஓட்டமும் அளவும் எடுத்து வைத்துக்கொண்டார், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க.

சரி, குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் அன்று பையனை நடு இரவிலிருந்து வெறும் வயிற்றில் வைத்தார்கள். எட்டு மணிக்கு என்று சொன்னது பதினொன்றரை ஆனது. பால், சாப்பாடு கூடாது என்பது புரிகிறது, ஆனால் மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த தண்ணீர் கொடுக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டரே பிறகு சொன்னார். வார்டில் யாருக்கும் அது தெரியவில்லை, ஒரு வாய்கூடக் கொடுக்க விடவில்லை. குழந்தை டம்ளரைக் காட்டிக் காட்டி அழுததை நான் மறக்கப்போவதில்லை. நேரம் தள்ளிப்போனால் வார்டுக்கு ஒரு போன் செய்தால் போதும், அதைச் செய்ய ஆள் இல்லையா?

ஆபரேஷன் முக்கால் மணி நேரம். வயிற்றின் கீழ் மடிப்பில் சின்ன வெட்டு, தானாகக் கரையும் தையல், மேலே பசை. முதுகின் அடியில் ஊசி போட்டிருந்ததால் எழுந்தபோது வலி இல்லை, சாயங்காலமே கட்டிலில் நின்று குதிக்கப் பார்த்தான், அன்று இரவே வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இரண்டு நாள் பாராசிட்டமால் சிரப்தான்.

அடுத்த குறை டிஸ்சார்ஜ் தாளில். ஹெர்னியா, கட்டினோம், நலமாக இருக்கிறான், அவ்வளவுதான் இருந்தது. விரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு பேசிய டாக்டர் ஓபியில் இருந்தார், நான் கீழே போய்க் காத்திருந்து, ஆபரேஷன் முடிவில் விரை விதைப்பைக்குள் சரியான இடத்தில் இருந்ததா என்று எழுதச் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இது ஏன் முக்கியம் என்றால், சில குழந்தைகளுக்கு ஆபரேஷன் ஆன பிறகு விரை மேலே ஏறித் தழும்போடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதை இறக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். அன்று எங்கே இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால் பின்னால் பார்க்கிற டாக்டருக்கு எப்படித் தெரியும்? இந்த ஆபரேஷனுக்குப் போகிற எல்லாப் பெற்றோரும் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் நாள் விதைப்பை நீலம் பூத்து வீங்கியது. கொடுத்த எண்ணுக்கு நாலு முறை அடித்தேன், எடுக்கவில்லை. ஓடி வந்து காட்டினோம். கையாண்டதால் வருகிற வீக்கம், சில வாரத்தில் வடியும் என்றார் டாக்டர், அப்படியே வடிந்தது. காய்ச்சல், சிவந்து போவது, தொட்டாலே கத்துவது இருந்தால் மட்டும் அந்த நிமிடமே வரச் சொன்னார். இதை அந்தத் தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் நாங்கள் அன்று ஓடியிருக்க வேண்டாம்.

பில் எழுபத்தோராயிரம், இன்ஷூரன்ஸ் பெரும்பகுதி கொடுத்தது, ஒப்புதல் வர அரை நாள் இழுத்தார்கள். அவ்வளவு செலவு முடியாதவர்கள் தயங்காமல் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே குழந்தைகளுக்கென்றே அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், ஆனால் பெரியவர்களுக்கு ஆபரேஷன் செய்கிறவரிடம் கைக்குழந்தையைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நேற்றைய ஸ்கேனில் இரண்டு விரையும் அரை மில்லிலிட்டருக்குப் பக்கத்தில் ஒரே அளவு, திரையில் ரத்த ஓட்டம் இரண்டு பக்கமும் நிறம் காட்டியது. குடல் சிக்காத குழந்தைகளுக்கு இந்த ஸ்கேன் கட்டாயம் இல்லை, கையால் பார்த்தாலே போதும் என்று டாக்டர் சொன்னார். இனி வருடம் ஒரு முறை காட்ட வேண்டும், வயதுக்கு வரும் பருவத்திலும் ஒரு முறை. வீட்டில் வெந்நீரில் குளிக்கும்போது பார்த்துக்கொள்ளச் சொன்னார், குளிரில் விரை மேலே ஏறிக்கொள்ளும், சூட்டில்தான் உண்மையான இடம் தெரியும். அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். தினமும் குளிப்பாட்டி முடித்ததும் உள்ளேயிருந்து குரல் வருகிறது: "ரெண்டும் கீழதான்மா இருக்கு."