தகடு மாற்றுகிறேன் என்று பட்டி பூசிக் கொடுத்தார்கள்: 38,000 ரூபாய் போச்சு

பழைய காருக்குத் துரு வேலை பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் 38,000 ரூபாய் போன கதை.

வண்டி 1999 மாருதி 800. திருவான்மியூர் உப்புக்காற்றில் நின்று நின்று, டிரைவர் பக்கத்து ஃப்ளோரும் கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டும் அரித்துப் போயிருந்தன. தெரிந்தவர் ஒருவர் ஒரு டிங்கரிங் பட்டறையைக் கைகாட்டினார்.

பட்டறைக்காரர் பேசிய பேச்சு இருக்கிறதே! கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் ஃப்ளோரைக் குத்திக் காட்டினார். "இந்த வண்டிக்குத் தனியா சேசிஸ் கிடையாது சார், பாடிதான் எல்லாத்தையும் தாங்குது. துருவை முழுசா வெட்டி எடுத்துட்டு, நல்ல தகடு வர்ற இடத்துலேர்ந்து 20 கேஜ் தகடு வச்சு சிஓ2 வெல்டிங் அடிக்கணும். கேஸ் வெல்டிங் அடிச்சா சூட்டுல தகடு நெளிஞ்சிடும்." சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதுதான் வயிறு எரிகிறது. வேலை தெரியாத ஆள் கெடுத்திருந்தால்கூட மனசு ஆறும், இவருக்கு எல்லாம் தெரியும். புதுத் தகடு ஒன்றை என் கையில் கொடுத்து "தடிமனைப் பாருங்க" என்றார். அங்கேயே 20,000 அட்வான்ஸ் கொடுத்தேன். வண்டி எடுக்கும்போது மீதி 18,000.

பெயின்ட் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. ஒரு நாள் பஞ்சர். கடைத் தம்பி ஜாக்கி வைத்து ஏற்றினார். வண்டி எழும்பவில்லை, ஜாக்கி ரன்னிங் போர்டுக்குள் போய்விட்டது! கையை விட்டால் பட்டி கட்டி கட்டியாக வருகிறது, அதற்குப் பின்னால் கம்பி வலை. ஃப்ளோரிலாவது தகடு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது, பழைய துருவின் மேலேயே. நாலு மூலையில் மட்டும் வெல்டிங் வைத்து, சுற்றிலும் கருப்பு அண்டர்கோட்டிங் பூசி மறைத்திருக்கிறார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, முன்பைவிட மோசமாக அரித்திருக்கிறது. இதற்கா 38,000?

போன் செய்தால், "மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கார்." நேரில் போனால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்." அப்புறம், "மழைத் தண்ணில ஓட்டியிருப்பீங்க." உடைந்த பட்டியை மேஜையில் வைத்தேன். "பட்டி வைக்காத பட்டறை மெட்ராஸ்ல எது சார்?" என்று சிரிக்கிறார். வெல்டிங் நடக்கும்போது எடுத்தது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் என் வண்டியே இல்லை. என்னுடையது வெள்ளை, படத்தின் ஓரத்தில் தெரிவது சிவப்பு. 38,000 ரூபாய்க்குக் கொடுத்த பில்லில் "பாடி ஒர்க்" என்று ஒரே வரி.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வெல்டிங் முடிந்ததும், பட்டியோ பெயின்ட்டோ ஏறுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு காந்தம் கொண்டுபோங்கள், தடித்த பட்டி மேல் அது பிடிக்காது. வெட்டிய பழைய தகட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் என்ன வேலை என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். ரன்னிங் போர்டை நிஜமாகவே வெட்டித் தகடு வைக்கிற ஆள் சென்னையில் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.