செம்பைப் பழையதாக்க: வினிகரா, அவித்த முட்டையா?

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீட்டு வாசலில், புத்தம் புதிய செப்புப் பெயர்ப்பலகை கண்ணைக் கூச வைத்தது. சமையலறைப் பொருள்களை வைத்தே அதற்கு வயதேற்றலாம் என்று துண்டுத் தகடுகளில் இரண்டு வழிகளைச் சோதித்தேன். பலகைக்கு முட்டையைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

வினிகர் வழி எல்லாரும் அறிந்ததே. தகட்டில் உப்பைத் தூவி, வினிகரில் நனைத்த துணியோடு மூடிய டப்பாவில் வைத்தால் மறுநாள் நீலமும் பச்சையுமாகக் களிம்பு பூத்துவிடும். அழகில் முட்டை அதன் பக்கத்தில் நிற்காது.

முட்டை தருவது பழுப்பு. நெடுநேரம் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சை வளையம் தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் வேலை அது. அந்த முட்டையைச் சூட்டோடு நசுக்கி, தகட்டில் படாமல், தகட்டோடு ஒரே டப்பாவில் வைத்து இறுக மூட வேண்டும். முதலில் பொன்னிறம், பிறகு செம்பழுப்பு, விட்டுவைத்தால் கறுப்பு. பிடித்த நிறத்தில் வெளியே எடுத்துவிடலாம். முன்னதாகச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்காவிட்டால் கட்டைவிரல் ரேகை அப்படியே படமாகப் பதிந்திருக்கும். நாற்றத்துக்கு வீட்டில் வசவு வாங்குவது தனிக்கதை.

என்னை முட்டையின் பக்கம் தள்ளியது பராமரிப்புதான். வினிகர்க் களிம்பில் பெரும்பங்கு செப்பு அசிட்டேட். அது தண்ணீரில் கரையும். பினாங்கு மழைச் சாரல் பட்டால் பச்சை வழிந்து சுவரில் கோடு இழுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை உப்பு. தகட்டில் தங்கிய குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பை மறுபடியும் அரிக்கும். கடலோர ஊரில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. கழுவினாலும் குழிகளில் ஒளிந்த உப்பு போவதில்லை; புள்ளி புள்ளியாகப் பச்சைத்தூள் கிளம்பிக்கொண்டே இருக்கும். முட்டை தரும் சல்ஃபைடு படலம் தண்ணீரில் கரையாது. மெல்லியது என்பதால் கை உரசினால் தேயும்; தேன்மெழுகு பூசி, அவ்வப்போது புதுப்பித்தால் போதும். பல ஆண்டுகள் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு என் பலகைக்கு இன்னும் வயதாகவில்லை.

பச்சைதான் வேண்டும் என்பவர்கள் வீட்டுக்குள், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். களிம்பு நஞ்சு, உண்ணும் பாத்திரங்களில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். வினிகர் புழங்கும் இடத்தில் பிளீச்சும் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பித்தளையில் முட்டை எனக்குத் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது. குத்துவிளக்குக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.