பச்சைக் கண்ணாடிக்கு 22,000 ரூபாய்: டிஸ்லெக்சியா பிள்ளைகளின் பெற்றோருக்கு

மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். டிஸ்லெக்சியாவாக (வாசிப்பைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) இருக்கலாம் என்று வகுப்பாசிரியை சொன்ன அன்று விடிய விடிய இணையத்தில் தேடினேன். அந்தத் தேடலில்தான் அந்தேரியில் இருக்கும் ஒரு மையத்திடம் போய் மாட்டிக்கொண்டேன். பெயரை எழுதப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

குளிரூட்டிய அறை. சுவரில் ஐன்ஸ்டீன் படம் (இந்த மாதிரி இடங்களில் பிள்ளையார் படம் இல்லாவிட்டாலும் ஐன்ஸ்டீன் இருப்பார்). ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து மகளை வாசிக்கச் சொன்னார்கள். தடுமாறித் தடுமாறி வாசித்தாள். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த பெண் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி என்று குறித்துக்கொண்டார். பிறகு அதே பக்கத்தின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாளை வைத்து வாசிக்கச் சொன்னார். அடுத்து நீலம், அதற்கடுத்து ரோஜா நிறம், கடைசியில் பச்சை. பச்சையில் ஒரு நிமிடம் ஐந்து விநாடி! “எழுத்துகள் ஆடுவது நின்றுவிட்டது, பார்த்தீர்களா?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் கார்டை எடுத்து நீட்டிவிட்டார்.

பச்சை மூக்குக்கண்ணாடி 22,000, வாசிக்கும் பேனா 26,000, செயலிக்கு ஓராண்டுச் சந்தா 9,500. மொத்தம் 57,500 ரூபாய், மாதத் தவணையில்.

பேனாவைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். வரியின் மேல் இழுத்தால் எழுத்தைப் படம் பிடித்து, அடையாளம் கண்டு, உரக்கச் சொல்லும் கருவி அது. ஆங்கிலத்தை ஓரளவு ஒழுங்காகவே வாசித்தது. ஆனால் வரி தப்பாமல் நேராக இழுக்க வேண்டும். வரி தவறுவதுதானே என் மகளின் தொல்லையே. பத்து இந்திய மொழிகள் என்று சொல்லியிருந்தார்கள். தமிழ்ப் புத்தகத்தின் மேல் இழுத்தால் ஊமையாக இருந்தது. மராத்திப் பாடத்தில்தான் குட்டு முழுவதுமாக வெளிப்பட்டது. மராத்தியில் ‘ள’ உண்டு, இன்றைய இந்தியில் கிடையாது. பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ‘ஷாளா’ என்ற சொல்லைக்கூட அது தப்பாகவே வாசித்தது. இந்தியை வைத்துக்கொண்டு மராத்தி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மராத்தி அக்கா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

கண்ணாடியைப் பார்த்த என் மாமியார், கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வந்தவள் மாதிரி இருக்கிறாளே என்றார். வகுப்பிலும் அதே கேலிதான் போலிருக்கிறது. மூன்றாவது வாரம் கண்ணாடி பைக்குள்ளேயே கிடந்தது. நான்தான் திட்டித் திட்டி மாட்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல்தான் கோபம் வருகிறது.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அந்த மையம் கொடுத்த ‘டிஸ்லெக்சியா சான்றிதழ்’ பள்ளியில் செல்லவில்லை. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் மகாராஷ்டிரத்தில் 1996 முதலே இருக்கின்றன. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கற்றல் குறைபாட்டைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் சான்றிதழ் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலிருந்து வர வேண்டும். எட்டு மாதம் வீணாகியிருந்தது.

செம்பூருக்கு எட்டிவிடும் தூரத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது. மாநகராட்சி மருத்துவமனை. அங்கே கற்றல் குறைபாட்டுக்கென்றே தனிப் பிரிவு உண்டு என்பது, அந்தேரிக்கு ரயில் மாறி மாறிப் போய்வந்த எனக்குத் தெரியாமல் போனது. கண், காது, அறிவுத்திறன், படிப்புத் திறன் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். பல நாள் போக வேண்டியிருந்தது. அந்த அலைச்சலின்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், ஒரே மதியத்தில் முடிகிற சோதனை இல்லை இது என்று.

அங்கிருந்த சிறப்பாசிரியரிடம் கண்ணாடித்தாள் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஐந்து தடவையும் அதே பத்தியையா வாசித்தாள்?”

அதே பத்திதான். ஐந்தாவது தடவை வாசித்தால் யாருக்குத்தான் வேகம் வராது? பச்சையை முதலில் வைத்து மஞ்சளைக் கடைசியில் வைத்திருந்தால் என் மகள் மஞ்சள் கண்ணாடியோடு திரும்பியிருப்பாள்.

டிஸ்லெக்சியா கண்ணில் இல்லை என்று அவர் விளக்கினார். எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைக்கிற இடத்தில்தான் சிக்கல். வண்ணக் கண்ணாடிகளால் பயன் உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியும் கண் மருத்துவர் அகாடமியும் 2009இலேயே கூட்டாக அறிவித்திருக்கின்றன. உதவுவது ஒலியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கற்பிப்பது. இப்போது மகள் மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்கிறாள். விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைத்தது இதற்குத்தானே என்று மாமியாருக்கு ஒரே பெருமை.

வாசித்துக் காட்டும் வேலைக்குக் காசே வேண்டாம். எட்ஜ் உலாவி மராத்தி, தமிழ் இரண்டையும் உரக்க வாசிக்கிறது. அச்சுப் புத்தகத்தை கூகுள் லென்ஸில் படம் பிடித்தும் கேட்கலாம். ஆங்கிலத்துக்கு, வேர்டில் இருக்கும் இம்மர்சிவ் ரீடர் என்ற வாசிப்பு வசதி சொல்லை அசை அசையாகப் பிரித்துக் காட்டும். எல்லாம் எங்கள் வீட்டுக் கணினியிலும் போனிலும் முன்பே இருந்தவை.

அந்தேரி மையத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருந்ததைக் காட்டினார்கள். அப்படி அச்சடித்துவிட்டால் குறையுள்ள பொருளுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன். ‘பத்து மொழிகள், மராத்தியும் தமிழும் உட்பட’ என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தது கைகொடுத்தது. பேனாவுக்கான 26,000 வந்துவிட்டது. கண்ணாடி அளவெடுத்துச் செய்தது என்று தர மறுத்துவிட்டார்கள். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் அந்த மையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஓராண்டு நிறைவடையப் போகிறதாம். குழந்தை வளர வளர நிறம் மாறுமாம். மறுபரிசோதனைக்கு இந்த மாதம் மட்டும் சலுகைக் கட்டணம். அதையும் படம் எடுத்து வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டேன்.