மண்டபம் மாலை வகுப்பு: துணை அதிபர் வேட்பாளர் பாடத்துக்கு 600 ரூபாய் கொடுக்கலாமா?

ராமேசுவரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில், ரயிலடிக்கும் கடற்கரைக்கும் நடுவே ஒரு மாடி அறையில் நடக்கிறது இந்த மாலை வகுப்பு. குரூப் 1, குரூப் 2, குடிமைப்பணி எழுதுகிற பிள்ளைகள்தான் வருகிறார்கள். நடப்பு நிகழ்வுக்கு ஊருக்கு ஊர் வகுப்பு உண்டு. இங்கே மட்டும் நான்கு அமர்வை ஒரே கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்: அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரோடு ஜோடி சேர்ந்து நிற்கிறாரே துணை அதிபர் வேட்பாளர், அந்தப் பிரசாரம் முடிந்த பிறகு அவர் என்ன ஆகிறார்? ஓர் அமர்வு இரண்டு மணி நேரம். கையேட்டோடு சேர்த்து 600 ரூபாய். முதல் இரண்டு அமர்வும் கொடுத்த காசுக்கு மேலேயே பெறும். மூன்றாவது சரியில்லை. நான்காவதில் பாதி தேறும்.

முதல் அமர்வில் யாரும் பாடம் எடுப்பதில்லை. உள்ளங்கை அகல அட்டைகளை ஆளுக்குச் சில என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பக்கத்தில் பெயர், ஆண்டு, யாரோடு நின்றார் என்ற விவரம். பின்பக்கத்தில் ஐந்து வரி: அப்போது கையிலிருந்த பதவி, அதன் காலம் எப்போது முடிகிறது, அதே ஆண்டு அதற்கும் தேர்தல் உண்டா, ஜோடி ஜெயித்ததா, அப்புறம் என்ன ஆனார். ஐந்தாவது வரி வெற்றாக இருக்கும், பிள்ளைகள் தேடி நிரப்ப வேண்டும். மேசைமேல் மூன்று பிளாஸ்டிக் டப்பா: வளர்ந்தவர், பிழைத்தவர், கரைந்தவர். நிரப்பிய அட்டையை அததற்குரிய டப்பாவில் போட வேண்டும்.

ஜெயித்தவரின் அட்டையை எல்லோரும் யோசிக்காமல் முதல் டப்பாவில் போடுகிறார்கள். ஆசிரியர் அங்கேதான் பிடிக்கிறார். 1988-ல் ஜெயித்து நான்கு ஆண்டு துணை அதிபராக இருந்த டான் குவேல், 2000 தேர்தலுக்கு முயன்று ஒரு வாக்கு விழுவதற்கு முன்பே விலகினார். மைக் பென்ஸ் 2023 அக்டோபரிலேயே மூட்டை கட்டினார். மறுபக்கம் பார்த்தால், 1920-ல் ஜேம்ஸ் காக்ஸோடு நின்று படுதோல்வி கண்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அப்போது வயது 38. 1928-ல் நியூயார்க் ஆளுநர், 1932-ல் அதிபர். 1948-ல் தாமஸ் டூயியோடு தோற்ற ஏர்ல் வாரன் 1953-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி.

"தோத்தவரு எப்படி சார் அங்க போனாரு?" என்று கேட்கிற பிள்ளைக்கு நேரடிப் பதில் கிடைக்காது. "தோத்த அன்னிக்கு அவரு கையில என்ன தம்பி இருந்துச்சு? அட்டையத் திருப்பிப் பாரு" என்பார் ஆசிரியர். கலிபோர்னியா ஆளுநர் பதவி இருந்தது. 1950-ல் அதை மூன்றாம் முறையும் ஜெயித்தார்.

அடுத்தவர் படகில் ஏறிப் போகும்போது கரையில் சொந்த வள்ளம் கிடக்கிறதா என்பதுதான் இந்த வகுப்பின் அளவுகோல். இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. அதை அட்டைகளில் பொருத்திப் பார்ப்பதுதான் வகுப்பின் நல்ல பகுதி. லாயிட் பென்ட்சன் 1988-ல் துணை அதிபர் தேர்தலிலும் டெக்சாசில் செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலிலும் ஒரே நாளில் நின்றார். லிண்டன் ஜான்சனுக்காக அந்த மாநிலம் முன்பே செய்துவைத்த சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஒன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்து, 1993-ல் கருவூலச் செயலர் ஆனார். 2000-ல் ஜோ லீபர்மனும் 2012-ல் பால் ரயனும் அதே வழியில் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ரயன் 2015-ல் பிரதிநிதிகள் அவைத் தலைவரே ஆகிவிட்டார். டிம் கெய்னுக்கு 2016-ல் இந்தத் தொல்லைகூட இல்லை. அவருடைய செனட் காலம் இன்னும் இரண்டு ஆண்டு மிச்சமிருந்தது. 2018, 2024 இரண்டிலும் மறுபடி ஜெயித்தார்.

பென்ஸுக்கு நிலைமை நேர்மாறு. இண்டியானா சட்டம் ஒரே தேர்தலில் இரண்டு பதவிக்கு நிற்க விடாது. 2016 ஜூலையில் ஆளுநர் போட்டியிலிருந்து விலகித்தான் டிரம்போடு சேர்ந்தார். அந்தப் பிரசாரம் கவிழ்ந்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது. ஜெரால்டின் ஃபெராரோ 1984-ல் தன் அவை இடத்தை விட்டுவிட்டு நின்றார். 1992, 1998 இரண்டு முறையும் செனட்டுக்கு முயன்று கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றார். ஜான் எட்வர்ட்ஸ் 2004-ல் செனட்டுக்கு மறுபடி நிற்கவில்லை. 1964-ல் கோல்ட்வாட்டரோடு நின்ற வில்லியம் மில்லர், பிற்காலத்தில் ஒரு கடன் அட்டை விளம்பரத்தில் 'என்னைத் தெரிகிறதா?' என்ற பாணியில் தோன்றினார். அவரை ஊருக்குத் தெரியாது என்பதுதான் அந்த விளம்பரத்தின் நகைச்சுவையே. கரைந்தவர் டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான அட்டை கிடைக்காது.

உள்ளூர் உதாரணமும் ஒன்று உண்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓ.பன்னீர்செல்வம் ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றதும், அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்ததும், நவாஸ் கனி ஜெயித்ததும் இங்கே எல்லோருக்கும் தெரியும். தோற்ற மறுநாளும் அவர் போடிநாயக்கனூர் சட்டமன்ற உறுப்பினராகவே இருந்தார். நம் சட்டத்தில் சட்டமன்ற உறுப்பினர் மக்களவைக்கு நிற்கப் பதவியை விட வேண்டியதில்லை. ஜெயித்தால்தான் ஒன்றை விட வேண்டும். டெக்சாஸ் சட்டத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாம் அமர்வு பிரசாரத்துக்குள் என்ன கெட்டுப்போகிறது என்பது. தேர்வு செய்யும்போதே நடக்கும் சோதனையில் தொடங்குகிறது: வரிக் கணக்கு, மருத்துவ ஆவணம், பழைய பேச்சு, குடும்பத் தொழில். இதை அவசரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972. துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன் மன அழுத்தத்துக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை எடுத்தது வெளியே வந்தது. முழு ஆதரவு என்று முதலில் சொன்ன அதிபர் வேட்பாளர் மெகவர்ன் பிறகு கைவிட்டார். 18 நாளில் ஈகிள்டன் விலகினார். ஆனால் மிசவுரி மக்கள் அவரை 1974-லும் 1980-லும் செனட்டுக்கு அனுப்பினார்கள். மெகவர்னுக்குக் கிடைத்தது மாசசூசெட்சும் தலைநகரமும் மட்டும். அடிபட்டது துணை வேட்பாளர் மட்டும் என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்த அட்டை நல்ல மருந்து.

நிக்சனை இதோடு சேர்த்து வைத்தது புத்திசாலித்தனம். 1952-ல் நன்கொடை நிதி சர்ச்சையில், அதிபர் வேட்பாளர் ஐசனோவர் தன் ஜோடியான அவரைக் கழற்றிவிடும் நிலையில் இருந்தார். செப்டம்பர் 23 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் நேராக மக்களிடம் பேசித் தப்பினார். ஈகிள்டனுக்கு வாய்க்காத அவகாசம் அது.

இதே அமர்வில் பாப் டோலும் வருகிறார். 1976-ல்தான் முதல்முறையாகத் துணை அதிபர் வேட்பாளர்களுக்கு நேருக்கு நேர் விவாதம் வைத்தார்கள். தலைவர் கண்ணியமாக நிற்க, இரண்டாமவர் எதிரியைக் கடிக்க வேண்டும் என்பது எழுதாத வேலைப் பிரிவு. டோல் கடித்தார். இருபதாம் நூற்றாண்டின் போர்களை எல்லாம் எதிர்க்கட்சி தலையில் கட்டிப் பேசினார். கடுமையானவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1996-ல் அதிபர் வேட்பாளராக நின்றபோதும் அது போகவில்லை. பிரசாரத்துக்கு உழைப்பதும் தன் பெயரைக் காப்பதும் சேர்ந்து நடக்காது என்பதை இந்த ஓர் அட்டை சொல்லிவிடுகிறது.

மூன்றாம் அமர்வு நடைமுறை. இங்கே கையேடு காலை வாரிவிடுகிறது. துணை அதிபரைச் செனட் தேர்ந்தெடுக்கிறது என்று அச்சாகியிருக்கிறது. தவறு. 1804-ல் வந்த அரசியலமைப்பின் 12-வது திருத்தத்திலிருந்து, மாநிலவாரியாகத் தேர்வாகும் வாக்காளர் குழு உறுப்பினர்கள் (இப்போது 538 பேர்) அதிபருக்கு ஒரு வாக்கு, துணை அதிபருக்கு ஒரு வாக்கு என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். 270 வேண்டும். யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால்தான் செனட். வரலாற்றில் அது நடந்தது ஒரே தடவை, 1837-ல். அந்தத் திருத்தத்துக்கு முன்பு இரண்டாமிடம் வந்தவர் துணை அதிபர். அப்படித்தான் 1796-ல் ஜான் ஆடம்சுக்கு அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சனே துணை அதிபரானார். ஜோடி என்ற ஏற்பாடே இதனால்தான் கெட்டிப்பட்டது. கையேட்டில் இந்தக் காரணம் இல்லை.

ஒரே மாநிலத்தவர் இருவரும் நிற்கக் கூடாது என்பதும் தவறுதான். நிற்கலாம். அந்த மாநிலத்தின் குழு உறுப்பினர்கள் இருவருக்கும் சேர்த்து வாக்களிக்க முடியாது, அவ்வளவே. டெக்சாஸ்காரரான இளைய புஷ்ஷோடு நின்ற டிக் செனி, 2000 ஜூலையில் டெக்சாசிலிருந்த தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றியது இதற்காகத்தான். டெக்சாசின் 32 வாக்கு இல்லாமல் அந்தத் தேர்தலில் அவருக்குப் பெரும்பான்மை கிடைத்திருக்காது, முடிவு செனட் கைக்குப் போயிருக்கும்.

தேர்வில் நேராக மதிப்பெண்ணைத் தின்னும் பிழை வேறு. அதிபர் இறந்தால் புதுத் தேர்தல் வரை துணை அதிபர் பொறுப்பு வகிப்பார் என்கிறது கையேடு. அது நம் நாட்டு முறை. இங்கே ஆறு மாதத்துக்குள் குடியரசுத் தலைவர் தேர்தல் நடத்த வேண்டும். 1969-ல் ஜாகிர் உசேன் மறைந்தபோது வி.வி.கிரி பொறுப்பு வகித்தது அப்படி. அமெரிக்காவில் மீதிக் காலம் முழுவதற்கும் துணை அதிபரே அதிபர். 82 நாள் மட்டும் துணை அதிபராக இருந்த ட்ரூமன் 1945-ல் ஏறக்குறைய நான்கு ஆண்டுக் காலத்தைப் பெற்றது அப்படித்தான். இந்த ஒப்பீட்டுக் கேள்விக்காகத்தான் பாதிப் பிள்ளைகள் காசு கட்டுகிறார்கள். அதிலேயே பிழை என்றால் எப்படி?

நான்காம் அமர்வு, ஜெயித்து உள்ளே போன பிறகு வரும் சிக்கல். 1968-ல் துணை அதிபராக இருந்துகொண்டே அதிபர் தேர்தலில் நின்ற ஹூபர்ட் ஹம்ப்ரி, வியட்நாம் விஷயத்தில் ஜான்சனை விட்டு விலகிப் பேச செப்டம்பர் 30 வரை தயங்கினார். மக்கள் வாக்கில் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 2000-ல் அல் கோர் கிளிண்டனைப் பிரசாரத்தில் எட்ட நிறுத்தினார். அதுவும் உதவவில்லை, புளோரிடாவில் 537 வாக்கில் போயிற்று. 2024 அக்டோபரில் பைடனிலிருந்து எதை மாற்றிச் செய்திருப்பீர்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டதற்கு, கமலா ஹாரிஸ் எதுவும் தோன்றவில்லை என்றார். விலகினால் துரோகி, ஒட்டினால் சுமை. மூன்று அட்டையையும் வரிசையாக வைத்து இதைக் காட்டுவது நன்றாக இருக்கிறது. பதவியிலிருக்கும்போதே அதிபர் தேர்தலில் ஜெயித்த துணை அதிபர், 1836-க்குப் பிறகு 1988-ல் மூத்த புஷ் ஒருவர்தான் என்பதையும் சரியாகச் சொல்கிறார்கள்.

பணம் பற்றிய பகுதியும் நன்று. பைடன் 2024 ஜூலை 21 விலகியபோது பிரசாரக் குழுவின் கணக்கில் ஒன்பது கோடி டாலருக்கு மேல் இருந்தது. அந்தக் குழு இருவர் பெயரிலும் பதிவாகியிருந்ததால் ஹாரிஸ் அதைத் தொடர்ந்து பயன்படுத்தினார். வேறு யாராவது வந்திருந்தால் அந்தப் பணத்தை இவ்வளவு எளிதாகத் தொட்டிருக்க முடியாது. ஆனால் ஜே.டி.வான்ஸ் பக்கத்தை ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் அவர் குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் நிதித் தலைவர் ஆனார். பதவியிலிருக்கும் துணை அதிபர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றது அதுவே முதல்முறை. நன்கொடையாளர் பட்டியல் அடுத்த தேர்தலுக்கு முன்பே யார் கைக்கு வருகிறது என்பது அதில் தெரிகிறது. இதை விட்டது குறை.

இன்னொன்று, அப்துல் கலாமின் பேய்க்கரும்பு நினைவிடம் இருக்கிற ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வகுப்பு நடத்துகிறவர்கள் 2002-ஐத் தொடவே இல்லை. அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் கிருஷ்ண காந்த் பெயர் அடிபட்டு, கடைசியில் அப்துல் கலாம் வந்தார். ஜூலை 25 கலாம் பதவியேற்றார், 27 அன்று கிருஷ்ண காந்த் பதவியில் இருக்கும்போதே காலமானார். ராதாகிருஷ்ணன், வெங்கட்ராமன் போல இரண்டாமிடத்திலிருந்து முதலிடம் போனவர்கள் அறுவர் இருக்க, அது உரிமை அல்ல என்பதற்கு இந்த ஊருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஏது?

சேருவதானால்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கடலுக்குப் போகிற பையன்களும் வருவார்கள், இடம் கிடைக்காது. ஆடிக் காற்றில் கடல்பக்கச் சன்னல் ஓரம் உட்கார வேண்டாம், அட்டை பறக்கும், விரிப்பெல்லாம் மணல். புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து ராமேசுவரம் பிள்ளைகள் ரயிலில் வருகிறார்கள், ஆனால் வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடிவதில்லை, திரும்ப பஸ்தான். கையேட்டின் மூன்றாம் பகுதியை வாங்கிய அன்றே அடித்துவிட்டு, 12-வது திருத்தம், அதிபர் இறந்தால் துணை அதிபரே அதிபர் என்கிற 25-வது திருத்தம் ஆகியவற்றின் வாசகத்தை நேராகப் படிக்கவும். இரண்டும் சேர்ந்து நான்கு பக்கம்கூட வராது. முதல் இரண்டு அமர்வு மட்டும் போதும் என்று முன்கூட்டியே கேட்டால் 350 ரூபாய்க்குச் சேர்த்துக்கொள்கிறார்கள், அட்டைக் கட்டும் அதிலேயே அடக்கம்.