இடுப்பு எலும்பு முறிவு: முதியவருக்கு ஆபரேஷனா, படுக்கை ஓய்வா?

“சுகர் இருக்கு, இதயமும் பலவீனம். பாட்டி ஆபரேஷன் தாங்குவாங்களா?” வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி இது.

ஆபத்து: ஆபரேஷனில் மயக்க மருந்து, ரத்த இழப்பு. படுக்கையிலோ நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு. ஏற்கெனவே நோய் உள்ளவரைத்தான் இவையும் முதலில் பிடிக்கும். பலர் மறப்பது இதைத்தான்.

நடை: ஆபரேஷன் முடிந்தால் பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள். படுக்கையில் வாரக்கணக்கு, அதற்குள் தசை கரைந்துவிடும்.

செலவு: ஆபரேஷனுக்கு மொத்தமாக, படுக்கை ஓய்வுக்குச் சில்லறையாக.

விழும் வரை நடமாடியவர் என்றால், நோய் இருந்தாலும் ஆபரேஷன்தான். சுகர், மூச்சுத்திணறலைச் சீர்செய்து முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. ஏற்கெனவே படுத்த படுக்கை, இறுதிக்கட்ட நோய் என்றால் வலி நிவாரணத்தோடு ஓய்வே போதுமானதாக இருக்கலாம்.